கட்டிக்குத் தீனி

விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வயிறாரச் சாப்பிட வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வருவார்கள், சார். போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி வைக்காமல் நகர மாட்டேன்.

என் மனைவி சிவரஞ்சனிக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் அதற்கான மருந்தை ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். முட்டை, பால், பருப்பு என்று நன்றாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு ஊசியைத் தாங்காது என்றார் டாக்டரம்மா. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. நோயாளி தேறிவிட்டால் அவர்களுக்கு என்ன பிழைப்பு? சோற்றைத் தின்றுதான் கட்டி வளர்கிறது, பட்டினி போட்டால் தானாகச் செத்துவிடும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் தெளிவாகப் பேசியிருந்தார். வருஷா வருஷம் சஷ்டி விரதம் இருக்கிறவன் நான். பட்டினியின் அருமை எனக்குத் தெரியாதா?

ஊசியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவள் தம்பி எழிலரசன் சும்மா விட மாட்டான். டாக்டரிடம் வாயைத் திறந்தால் ஊசிக்கும் கூட்டிப்போக மாட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தேன். கடைக்கு மேல்தான் வீடு. எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவேன். கீழே குழம்பு கொதிக்கிற வாசனை அவளைப் படுத்தக் கூடாதே என்று ஜன்னலையும் சாத்தினேன். எழிலரசன் கறம்பக்குடியிலிருந்து பழமும் சத்துமாவும் கொண்டுவந்தான். "அக்கா இப்பத்தான் தூங்குது மாப்ளே" என்று படியிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

பிறகு அவள்மேலேயே சந்தேகம். மேலே போனதும் வாயை மோந்து பார்ப்பேன். கடையில் வடித்த முதல் சோற்றை, வீட்டுக்குள்ளிருந்தே படியேறிப் போகிற மொட்டைமாடியில் காக்கைக்கு வைப்பது என் வழக்கம். ஒருநாள் காக்கைகள் கத்திக்கொண்டே இருக்கின்றன, இலையோ துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. மறுநாள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அள்ளினாள். கையைப் பிடித்தேன்.

"ஒரு வாய் மட்டும் தின்னுக்கிறேங்க. பசி தாங்கலை."

"பசி ஒனக்கில்லை, கட்டிக்கு" என்று பக்குவமாகத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து காக்கைக்கும் சோறு வைக்கவில்லை. அந்தப் பாவம் இன்னும் உறுத்துகிறது.

கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி கரைந்துவிட்டது, மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் இப்படி எலும்பாகிவிட்டாளே, உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். மருந்தாம். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அழைத்துவந்தேன். கொஞ்சம் மிச்சம் இருக்குமோ என்று எலுமிச்சைத் தண்ணீரைத் தொடர்ந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

பூட்டியது நான், பட்டினி போட்டது நான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புற்றுநோயால் செத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அதை நான் குணப்படுத்திவிட்டேன்.