பதினான்கு பிரதிகள்

தாள்களை இப்படி ஜன்னலோரம் அடுக்காதீர்கள் சார். ஈரக்காற்று பட்டால் ஓரம் சுருண்டுவிடும்; அப்புறம் எந்த மெஷினிலும் ஒழுங்காக இறங்காது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், அதனால் கண்ணில் பட்டது. சரி, எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கு ஒரே வாசல்தான் இருந்தது, முன் தெருவில், என் கடையைப் பார்த்தபடி. அதை மூடிவிட்டுப் பின் தெருவில் புது வாசல் வைக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்துப் பெற்றோர் கிளப்பினார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் என்ற முறையில் கூடாது என்றேன். கடை வியாபாரத்துக்காகப் பேசுகிறேன் என்றார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் பேசினேன். கடையும் அதே தெருவில் இருந்தது தற்செயல். இரண்டு தெருக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு கூட்டத்தில் நாற்காலி பறந்தது.

அந்தச் சமயத்தில்தான் கணக்கு வாத்தியார் ஆண்டு விழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். வாசல் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் சண்டை போட்டே இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் ஏணி போட்டு ஏறிக் குதித்துப் படிக்கப் போவார்கள். அதில் சங்கத் தலைவர் ஒருவர் வருவார். வாயைத் திறந்தால் "நான் பொதுவா சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு காப்பி எடுத்து வைத்திருப்பார்.

அந்த வேஷம் கட்டியது என் மகள். ஒன்பதாம் வகுப்பு.

என் பழைய சட்டையைப் போட்டு, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்தாள். பேசும்போது நான் முழங்கையால் பேண்ட்டை ஏற்றிவிட்டுக்கொள்வேன் என்பது அன்றுவரை எனக்கே தெரியாது. மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. பக்கத்தில் என் மனைவியும் சிரித்தாள். நான் திரும்பியதும் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். கை தட்டினேன். மேடையேறி வாத்தியாருக்குக் கை கொடுத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா சிரிக்கத்தான்," என்றார்.

அடுத்த வாரம் சங்கத்தில் வாசலுக்கு ஓட்டெடுப்பு நடந்தது. என் பக்கம் தோற்றது. பின் தெருவில் மளமளவென்று சுவரை இடித்து, வாசலும் படியும் கட்டினார்கள். கடைக்கு வருகிற வாண்டுகூட "பொதுவா ரெண்டு காப்பி குடுங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரித்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் வந்து நின்றாள்.

"கோவமாப்பா?"

"எனக்கென்ன கோவம்."

அந்தத் தைரியத்தில் மீதியையும் சொன்னாள். நாடகத்தை ஊர் மண்டபத்தில் மறுபடி போடப் போகிறார்களாம். தலைவருக்குப் புதிதாக ஒரு காட்சி வாத்தியார் எழுதியிருக்கிறாராம். மூடின வாசல் முன்னால் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே கூட்டம் நடத்துவாராம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுப் பரீட்சைக்கான கணக்குக் கேள்வித்தாளை எழுதியவரும் அதே வாத்தியார்தான். பள்ளிக் கேள்வித்தாள்களை டைப் அடித்துப் பிரதி எடுப்பது என் கடை வேலை. அந்த வாரமே நாடகத்தையும் கொண்டுவந்தார்: அதே வகுப்பிலிருந்து நடிக்கிற பதினான்கு பிள்ளைகளுக்குப் பதினான்கு பிரதிகள். தனித்தனி உறையில் ஒட்டி, பெயர் எழுதித் தரச் சொன்னார். பரீட்சை முடிகிறவரை பிள்ளைகள் பிரிக்கக் கூடாதாம், படிப்பு கெடுமாம். நல்ல யோசனைதான்.

ஒவ்வொரு உறையிலும் நாடகத்துக்கு நடுவே கேள்வித்தாளை வைத்தேன். டைப் அடித்ததை அல்ல. அதை வைத்தால் கடையைச் சந்தேகப்படுவார்கள். அவர் கையால் எழுதிக் கொடுத்ததைப் பிரதி எடுத்து வைத்தேன். என் மகளின் உறையிலும் வைத்தேன். ஒன்றில் மட்டும் இல்லாமல் போனால் கேள்வி வரும். தவிர, பொது வேலையில் இருப்பவன் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை வாத்தியார் உறைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். காலையில் தலைமை ஆசிரியரிடம் போனேன். "நான் பொதுவா சொல்றேன் சார், நாடகப் பிள்ளைங்க பையை ஒரு தடவை பாத்துடுங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை.

உறைகளைப் பிரித்தார்கள், வாத்தியார் கையெழுத்தில் கேள்வித்தாள்; பதினான்கு பேரையும் பரீட்சை எழுத விடவில்லை, அந்த வருஷம் போனது. சாயங்காலம் புது வாசலில் கூட்டம் கூடியது. அந்தப் பிள்ளைகளில் இரண்டு தெருப் பிள்ளைகளும் உண்டே. ஒரு வருஷமாக முகம் பார்க்காதவர்கள் அன்று தோளோடு தோள் நின்றார்கள். எத்தனையோ கூட்டம் போட்டும் என்னால் முடியாத காரியம் அது. வாத்தியார் படியிறங்கி வந்து ஏதோ விளக்கப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களை விட்டுவிடுங்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அவசரத்தில் கட்டின படி, கைப்பிடி கிடையாது. கைப்பிடி இல்லாதது ஆபத்து என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன். தலையில் அடி. மூன்றாம் நாள் போய்விட்டார். அஞ்சலி நோட்டீஸ் என் கடையில்தான் அடித்தார்கள். கொடுத்த படம் மங்கலாக இருந்தது. உட்கார்ந்து சரி செய்து கொடுத்தேன்.

நேற்று என் மகள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம், கேள்வித்தாளைக் கடையிலிருந்து தானே திருடி, உறைகளிலும் தானே வைத்ததாகச் சொல்லியிருக்கிறாள். செத்தவர் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அது பொய். கேள்வித்தாள் வைக்கிற அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. பத்தொன்பது வருஷத்தில் என் கடையிலிருந்து ஒரு தாள்கூடத் திருட்டுப் போனதில்லை. அவள் சொன்னதை நீங்கள் பதிவு செய்துவிட்டால் நாளைக்கு எவன் என்னை நம்பித் தாள் கொடுப்பான்? அதற்காகத்தான் வந்தேன்.

ஆகவே இப்படி எழுதுங்கள். பிரதி எடுத்தவன் நான். வைத்தவன் நான். படியில், அவர் முதுகில் பட்ட கையும் என்னுடையதுதான். தள்ளிவிட்டார்கள் என்று பன்மையில் சொன்னது பேச்சு வழக்கு.

மகள் வெளியே வராந்தாவில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப் பெண்தானே. வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், போதும். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.