வேலிக்கு உள்ளே

சிட்னியின் பரமட்டா நிலையத்தில் ரயிலேறிய இரண்டு தாதியர் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

"நாளையில இருந்து லீவு. நெருப்பு மிதிக்கப் போறன்," என்றாள் ஒருத்தி.

"எங்கயடி?"

"பிஜியில. என்ர மனுசன்ர ஊர்த் துறைமுகத்துக்குக் கிட்ட அம்மன் கோயில் இருக்கு. வருசா வருசம் தீமிதி."

"விசரே உனக்கு? நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற கால்! மனுசன் என்ன சொல்றார்?"

"அவரோ? கடற்கரை மணலிலயே செருப்போட நடக்கிறவர். தீ மிதிக்கிறது மாமிதான்."

"மாமி உன்னையும் மிதிக்கச் சொல்லிக் கேட்டவவோ?"

"இல்லை. உனக்குப் பழக்கமில்லை எண்டு ஒவ்வொரு வருசமும் என்னைத் தீக்குழி வேலிக்கு வெளியில விட்டிடுவா. கப்பலில ஊர் சுத்திப் பாக்க வந்த வெள்ளைக்காரரோட நிண்டு பாப்பன்."

ஸ்ட்ராத்ஃபீல்ட் வந்தது. பிஜிக்குப் போகிறவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இந்த முறை மாமி பாக்கட்டும்."