அவருக்குக் கேட்ட கடைசிச் சத்தம்

"...நீங்களா மேல வரயில்லை நானா, நான்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தனான்."

கிண்ணியா பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞன் சொன்னான். சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கிக் கயிற்றோடு கடலாழத்துக்கு இறங்கப் பழக்குபவன் என்று போகப்போக விளங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவனிடம் அதைப் பழகுபவர், நாற்பதைத் தாண்டியவர்; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்று அழைத்தான். மடியில், காலில் மாட்டும் நீளமான நீச்சல் துடுப்புகள், தலைமயிரில் இன்னும் ஈரம்.

"சும்மா கதை விடாத தம்பி. வெளிச்சத்தைக் கண்டனான். நீ 'மூச்செடுங்க' எண்டதும் கேட்டது."

"அதை எத்தினை தரம் கத்தினனான் தெரியுமா? உங்களுக்குக் கேட்டது கடைசித் தரம் மட்டும்தான். மயங்கின ஆளுக்குத் தான் மயங்கினது தெரியாது. உதடெல்லாம் நீலம். உயிர் போயிட்டுது, மௌத்தாயிட்டீங்க எண்டே நினைச்சன்."

"உன்னை விட ஆழம் போயிட்டன் எண்டு எரிச்சல் உனக்கு." அவர் சிரித்தார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கயிறு விடு."

"ஏலாது. கொஞ்ச நாளைக்குத் தண்ணியிலயே இறங்கவேணாம். நான் வரமாட்டன்."

"வராட்டிப் போ. தோணியும் என்ட, கயிறும் என்ட. தனியப் போறன்."

பஸ் பாலத்தில் ஏறியது. பாலம் முடியும்வரை இளைஞன் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்குமிடம் வந்ததும் மூத்தவர் எழுந்தார். வழுக்கி விழுந்த துடுப்புகளை இளைஞன் பொறுக்கி அவர் கையில் கொடுத்தான்.

"தனிய இறங்கிடாதீங்க நானா," என்றான். "நான் எத்தினை மணிக்கு வர?"