பென்சிலில் எழுதிய மைல்கள்

நம் வீட்டிலிருந்து அன்றைய முதல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிற தூரத்துக்கு வரிச் சலுகை கிடையாது. கடைசி வாடிக்கையாளர் வீட்டிலிருந்து திரும்பி வருகிற தூரத்துக்கும் கிடையாது. நடுவில் ஓடுகிற மைல்களுக்கு மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்திலேயே விட்டவன். அப்புறம் ஆறு வருடம் கிடங்கில் இரவு ஷிப்டு பார்த்தவன். எனக்கே புரிகிறது. ஆனால் எங்கள் கம்பெனியில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்கிற பத்தொன்பது பேரில் இது புரிந்தவன் நான் ஒருவன்தான்.

நீங்கள் கேட்டது திருமதி ஆல்டர்சன் எப்படி இறந்தார் என்பதை. அதற்குத்தான் வருகிறேன், சார்ஜென்ட். உங்கள் மேசையில் இருக்கிற அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

சொந்தக் காரை வேலைக்கு ஓட்டினால் மைலுக்கு நாற்பத்தைந்து பென்ஸ் செலவு என்று அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. கம்பெனி எங்களுக்குக் கொடுப்பது இருபது. மீதிக்கு வரி கழித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். என் சம்பளத்துக்கு அது மைலுக்கு ஐந்து பென்ஸ். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்: தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மைல். சலுகை உள்ள மைல்களை நான் பேனாவில் எழுதுவேன். இல்லாத மைல்களைப் பென்சிலில் எழுதுவேன். அவற்றுக்குக் காசு கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுவேன். கார் மீட்டரில் ஓடியது எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும்.

மற்றவர்கள் எப்படி என்று கேளுங்கள். ஷோனா பிக்கரிங் என்று ஒருத்தி. நான் போகிற அதே வீடுகளுக்கு மாற்று ஷிப்டில் போகிறவள். ஒரு வருடத்து மைலையும் மார்ச் மாதத்தில் ஒரே மூச்சில், மனதில் தோன்றியபடி எழுதுவாள். தங்கை வீட்டுக்குப் போனது, கடைக்குப் போனது, வீட்டிலிருந்து கிளம்பியது எல்லாம் சேர்த்தி. ஒரு நாள் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அது திருட்டு என்று.

"யோவ் நெவில், போன சனிக்கிழமை ஆல்டர்சன் அம்மா வீட்டுல அவங்க துணியத் துவைச்சுப் போட்டு வர ஒண்ணரை மணி நேரமாச்சு. அதுக்கு எவன் எனக்குக் காசு குடுத்தான்? அத இதுல எடுத்துக்கிறேன்."

"அது அரசாங்கத்துக் காசு."

"வந்துட்டாரு யோக்கிய சிகாமணி. உனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்றேன், போ."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த மாதிரி ஆட்களுடன்தான் நான் வேலை பார்த்தேன்.

திருமதி ஆல்டர்சன் இருந்தது பர்க் எண்டில். நான் குடியிருக்கிற ஸ்டான்ஹோப்பிலிருந்து மலைமேல் பதினோரு மைல். கடைசி மூன்று மைலில் சாலைக்குக் குறுக்கே ஆட்டுப் பட்டிக் கதவுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் இறங்கித் திறந்து, காரை அந்தப் பக்கம் ஓட்டி, மறுபடி இறங்கி மூட வேண்டும். எண்பத்தாறு வயது. பிறர் தூக்கிவிடாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. காலையில் எழுப்பி உட்காரவைத்து, வீட்டைச் சூடாக்குகிற கரி அடுப்பை மூட்டிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மாலையில் சாப்பாடு, மாத்திரை, படுக்கை. என் பட்டியலில் மாலையில் அவர்தான் கடைசி. அதாவது திரும்பி வருகிற பதினோரு மைலும் பென்சில். அவரை நடுவில் போடுங்கள் என்று ஆபீஸில் மூன்று முறை கேட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் கதவருகே ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். வந்ததற்கு அதுதான் அத்தாட்சி. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் எங்கிருந்து ஸ்கேன் செய்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கோடை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்டோபரிலிருந்து சில மாலைகளில் அதை என் வீட்டுச் சமையலறையிலேயே ஸ்கேன் செய்துவிட்டு, 'நன்றாகச் சாப்பிட்டார், சௌகரியமாக இருக்கிறார்' என்று குறிப்பு எழுதினேன். இதைப் பொய் என்று நீங்கள் சொல்லலாம். பயண நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காத கம்பெனியிடம் சொல்வதை நான் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த மாலைகளில் நோட்டில் எதுவும் எழுதவில்லை. வண்டி ஓடவில்லையே.

அவர் நாற்காலியிலேயே தூங்கப் பழகிக்கொண்டார். காலையில் போனால் உட்கார்ந்தபடியே இருப்பார்.

"நெவில் கண்ணு, நேத்து நீ வரலியேப்பா?"

"வந்தேனே. உங்களுக்கு மறந்துபோச்சு. இப்படி மறதின்னு ஆபீஸுக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவாங்க. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத கண்ணு. நீ நல்ல பையன்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நவம்பரில் ஒரு மாலை, கழுத்தில் தொங்குகிற அவசரப் பொத்தானை அழுத்திவிட்டார். ஆபீஸிலிருந்து எனக்கு போன் வந்தது. பதினோரு மைலும் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, என் முறை முடிந்து கிளம்பும்போது அந்தப் பொத்தானைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வருவேன். கயிறு கழுத்தில் உறுத்துகிறது என்று அவரே எப்போதோ சொன்னதுதான். ஷோனா ஒவ்வொரு முறையும் எடுத்துத் திரும்பக் கழுத்தில் போட்டுவிடுவாள். "இத யாரு இங்க மாட்டினது?" என்று ஆபீஸ் குழுவில் செய்தியும் அனுப்பினாள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஷோனா லீவு. என் பட்டியலில் இருந்த மற்றவர்களையெல்லாம் பிள்ளைகள் அழைத்துப் போய்விட்டார்கள். திருமதி ஆல்டர்சனின் மகன் கனடாவில். ஆக நான்கு நாளும் அவர் ஒருவர்தான், காலையும் மாலையும். அவரே முதல் வீடு, அவரே கடைசி வீடு. போக வர முழுக்கப் பென்சில்.

இருபத்து நான்காம் தேதி காலையில் போனேன். நோட்டில் இருக்கிறது பாருங்கள், இருபத்திரண்டு மைல். அடுப்பில் கரி போட்டேன், கஞ்சி கொடுத்தேன், பொத்தானை ஆணியில் மாட்டினேன். "நல்ல கிறிஸ்துமஸா இருக்கட்டும் கண்ணு" என்றார். அதற்குப் பிறகு ஏழு முறை போக வேண்டும். போகவில்லை.

என் வக்கீல் பனி விழுந்தது என்று சொல்லச் சொன்னார். பனி விழவில்லை. சாலை சுத்தமாக இருந்தது. நான் இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

ஏழு முறையும் போனில் அலாரம் வைத்து, சரியான நேரத்துக்கு ஸ்கேன் செய்தேன். ஒரு நிமிடம் தவறவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை, எனக்கு நேரம் இருந்ததால், ஷோனாவின் பொய் மைல்களைப் பற்றி வரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். அன்று மதியம் மகன் கனடாவிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை என்று கம்பெனிக்கு போன் செய்திருக்கிறார். அவர்கள் திரையில் என் குறிப்பைப் பார்த்து, "அம்மா நல்லா சாப்பிட்டாங்க சார், தூங்கறாங்க போலிருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் எதையும் சரிபார்க்க மாட்டார்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை ஷோனா போய்ப் பார்த்தாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. நாற்காலிக்கும் ஆணிக்கும் நடுவில், தரையில் கிடந்தாராம். ஆணிக்கு நான்கடி தூரத்தில். நீங்கள் அளந்ததாகச் சொன்னீர்கள். அளந்தது நல்லது.

முதல் நாள் விசாரணையில் கம்பெனியின் பதிவு முழுக்க எனக்குச் சாதகமாக இருந்தது. ஏழு ஸ்கேன், ஏழு குறிப்பு. பிறகு காரைச் சோதித்து நோட்டை எடுத்தீர்கள். அந்த நான்கு நாளில் ஒரே ஒரு பயணம்தான் அதில் இருந்தது. வக்கீல் அதற்கும் வழி சொன்னார். "அந்த மைலுக்குச் சலுகை இல்லல்ல? அதனால எழுதலன்னு சொல்லிரு. முடிஞ்சுது" என்றார். நீங்களும் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தீர்கள். உங்கள் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. சலுகை இல்லாத மைலைப் பென்சிலில் எழுதுவேன் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். மூன்று வருடமாக ஒரு மைல் விட்டதில்லை. ஓடியிருந்தால் எழுதியிருப்பேன். எழுதவில்லை என்றால் ஓடவில்லை. என் நோட்டில் ஓட்டை இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. வக்கீல் பேனாவை மூடிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். அவரும் மார்ச் மாதத்தில் ஒரே மூச்சில் எழுதுகிற ஆளாக இருப்பார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நான் போகவில்லை. அவரால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். பொத்தானை மாட்டியது நான்தான். வேறு யாரும் வர மாட்டார்கள் என்றும் தெரியும். ஆனால் போகாத அந்த நூற்றைம்பத்து நான்கு மைலில் ஒரு மைலைக்கூட நான் போனதாக நோட்டில் காட்டவில்லை.

ஷோனா ஏழு முறையும் போயிருப்பாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வீட்டிலிருந்து கிளம்பிய தூரத்துக்கும் சேர்த்துச் சலுகை கேட்டிருப்பாள்.