முன்கூட்டியே ஒரு மொட்டை

— முன்கூட்டியேவா? என்னம்மா இது, கோவிந்தா. வேண்டினது நடந்தப்புறம்தான் எல்லாரும் மலையேறி வந்து முடி குடுப்பாங்க. நீங்க மொதல்லயே மொட்டையப் போட்டுட்டு, அப்புறமா சாமிகிட்ட வேலை வாங்கப் பார்க்கறீங்க.

— அப்படித்தான் வாங்கணும். கடன் சொன்னா அவரு அசையறதில்ல. நீ தண்ணிய ஊத்து.

— ஊத்தறேன், குளிரும். கண்ண மூடிக்குங்க. பேரு என்னம்மா?

— கோடேஸ்வரம்மா. தெனாலி. மார்க்கெட்டுகிட்ட கறிக்கடை வெச்சிருக்கேன். ஆட்டுக்கறி இல்ல, குழம்பு, பப்பு, கோங்குராப் பச்சடின்னு பொட்டலம் கட்டிக் குடுக்கற கடை. ஜனங்க வீட்டுல சோறு மட்டும் வடிச்சுக்குவாங்க. உன் பேரு?

— நாகரத்னம். ஆனா இங்க யாரும் பேரு சொல்ல மாட்டோம். எல்லாருக்கும் எல்லாரும் கோவிந்தாதான். முடிய வகிடெடுத்து ரெண்டு பக்கமும் பின்னி விடறேன். ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம் எடுப்பேன். அடடா, இம்மாம் அடர்த்தியான முடியக் குடுத்து அப்படி என்ன கேக்கறீங்க?

— சொன்னா கத்திய என் கழுத்துல வெச்சாலும் வெப்ப.

— மாமியார் சீக்கிரம் போய்ச் சேரணும்னு வந்தவளுக்கே எடுத்திருக்கேன். சும்மா சொல்லுங்க.

— என் பொண்ணு இந்த வேலைக்கு வராமப் போகணும்.

— எந்த வேலைக்கு?

— நீ இப்ப என் தலையில செய்யறியே, இதே வேலைக்குத்தான்.

— அப்படியா.

— கோவம் வந்துடுச்சா?

— கோவம் என்ன, கோவிந்தா. என் வேலை வேணாம்னு வேண்டிக்கறதுக்கு என் கைதானா உங்களுக்குக் கெடச்சுது? சரி, தலையக் குனிங்க. வலப்பக்கம் ஆரம்பிக்கறேன். அசையக்கூடாது.

— சொல்லக் கேளு, நான் உன்னக் கொறச்சு சொல்லல. நாங்களும் அந்த ஜாதிதான். என் மாமனாரு வீடு வீடாப் போயி சவரம் பண்ணினவரு. கொல்லப்பக்கம் நின்னு குரல் குடுக்கணும், கொல்லப்பக்கமே நெல்ல வாங்கிக்கணும். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைக்கு மொகம் வழிக்க அவரு வேணும், பந்தியில பக்கத்துல உக்கார மட்டும் வேணாம். என் புருஷன் அந்தச் சவரப் பெட்டியத் தொடவே மாட்டேன்னு லாரி ஓட்டப் போயிட்டாரு. நான் அடுப்புல வெந்து அவள பி.காம் படிக்க வெச்சேன். பேங்குல வேலையும் கெடச்சுது. கொஞ்ச மாசம் போனா, அப்புறம் எந்திரிச்சு வந்துட்டா.

— ஏனாம்?

— பிடிக்கலயாம். நாள் பூரா யாரு மொகத்தையும் பார்க்காம கம்ப்யூட்டரப் பார்த்துக்கிட்டிருந்தா, சாயங்காலம் என்ன செஞ்சோம்னே தெரியலயாம். அப்புறம் பார்த்தா, முடி எடுக்கப் பழகறேன்னு எங்க மாமனாரு பெட்டிகிட்டயே வந்து நிக்கறா. வேலைய என்ன பிடிச்சா செய்யறோம்? வெங்காயம் உரிக்கறது எனக்குப் பிடிக்குதா? உனக்கு இது பிடிக்குதா? நெஜத்தச் சொல்லு.

— காலையில பிடிக்காது. ஈரப் பொடவை, மரத்துப்போன காலு. பேனு வேற. ஊருப்பட்ட தலையில இருக்கற பேனெல்லாம் என்கூட பஸ்ஸேறி என் பிள்ளைங்க தலைக்கு வந்துடும். கூட்ட நாள்ல ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள முதுகு கழண்டு தனியாப் போயிடும்.

— பார்த்தியா. அதத்தானே நானும் சொல்றேன்.

— இருங்க, இன்னும் முடிக்கல. மொட்டையானதும் எல்லாரும் ஒண்ணு பண்ணுவாங்க. ரெண்டு கையையும் தூக்கித் தலையத் தடவிப் பார்ப்பாங்க. எவ்வளவு பெரிய வீட்டம்மாவா இருந்தாலும் சரி. தொட்ட உடனே சிரிப்பு வரும், இல்லன்னா அழுகை வரும். அந்த மொகத்த மொதல்ல பார்க்கறவ நான். கட்டின புருஷனே அப்புறம்தான் பார்ப்பான். அதுக்குத்தான் அடுத்த தலைக்குத் தண்ணி ஊத்தறேன்.

— எவளோ சிரிச்சா உனக்கென்ன, அழுதா உனக்கென்ன?

— போன கார்த்திகையில ஓங்கோல்லேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. புத்துநோய்க்கு மருந்து ஏத்தி முடியெல்லாம் கொட்டிப் போனவ. திரும்ப மொளச்சது விரல் நீளம்கூட இருக்காது. அதத்தான் குடுக்கறேன்னு வந்து உக்காந்தா. இன்னும் கொஞ்சம் வளரட்டுமே தாயின்னேன். மொத மொளச்சது சாமிக்குன்னு சொல்லிட்டா. எங்கள மேய்க்கற மேஸ்திரி அந்தப் பக்கம் நின்னு சீக்கிரம் எடுன்னு கத்தறாரு, நான் காதுல வாங்கல. மெதுவா, ஒரு கீறல் விழாம எடுத்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி சோறு திங்கல, பசிக்கவும் இல்ல. பிடிக்குதான்னு கேட்டீங்களே அம்மா. எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

— அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?

— தெரியாது. இங்கேர்ந்து போனவங்க யாரும் திரும்ப வந்து என்கிட்ட சொல்றதில்ல.

— நீ பேச்சுக்காரி. என் பொண்ணு உன்ன மாதிரி ஒருத்திகிட்டதான் மாட்டிக்கிட்டிருப்பா.

— எங்க பேச்சக் கேட்டு யாரும் வர்றதில்ல, கோவிந்தா. இதுக்குன்னு ஒரு கை இருந்தாத்தான் வரமுடியும். இப்பப் புதுசா வேலைக்கு எடுத்த பொண்ணுங்கள்ல ஒருத்தி இருக்கா. பரீட்சைக்கு அவ மடியில ஒரு கைக்கொழந்தையப் போட்டாங்க. கூடமே இடியற மாதிரி கத்துது. பழைய ஆளுங்க நாங்களே அந்த மாதிரி பிள்ளையக் கண்டா கொஞ்சம் பயப்படுவோம். அவ கத்தியத் தள்ளி வெச்சுட்டு, அது உச்சந்தலையில மெதுவா ஊதினா. ஊதி ஊதி, அது தூங்கவே தூங்கிடுச்சு. தூக்கத்துலயே எடுத்து முடிச்சுட்டா. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எனக்கு அது இத்தனை வருஷத்துல தோணினதில்ல.

— உச்சியிலயா ஊதினா?

— ஆமா. ஏன்?

— என் பொண்ணு சின்னதுல, எண்ணெய் வெக்கப் போனா கையக் காலப் போட்டு ஒதறுவா. நான் உச்சியில ஊதித்தான் அவள உக்கார வெப்பேன். வேற எதுக்கும் அடங்க மாட்டா.

— அம்மா, உங்க பொண்ணு பேரு என்ன?

— மௌனிகா.

— இருங்க, கத்தியக் கீழ வெச்சுக்கறேன்.

— ஏன் நிறுத்திட்ட?

— வலப்பக்கம் முடிஞ்சுது. மெதுவா எட்டிப் பாருங்க. அந்தத் தூணுக்கு அப்பால, கடைசிப் பலகை.

— ஐயோ. இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னாளே.

— கை சுத்தமா இருக்குன்னு சீக்கிரமே முடிச்சு அனுப்பிட்டாங்க. இன்னைக்குத்தான் மொத நாள்.

— அப்புறம் ஏன் சும்மா உக்காந்திருக்கா? சின்னப் பொண்ணுன்னு யாரும் தலை குடுக்க மாட்டேங்கறாங்களா?

— குடுக்கறாங்க. அவதான் எல்லாரையும் பக்கத்துப் பலகைக்கு அனுப்பிக்கிட்டிருக்கா. இங்க எங்களுக்குள்ள ஒரு வழக்கம். பரீட்சையில எடுத்தது கணக்குல சேராது, புதுசா கத்தி எடுக்கறவ மொதத் தலை தன் வீட்டுத் தலையா எடுக்கணும். கீறினாலும் நம்ம ரத்தமா இருக்கட்டும்னு. எனக்கு என் நாத்தனார் வந்து உக்காந்தா. உங்க வீட்டுலேர்ந்து யாருடி வர்றாங்கன்னு காலையிலேர்ந்து நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம். அம்மா வருவாங்கன்னு அதையே சொல்றா.

— நான் எங்க வரேன்னேன்? செத்தாலும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்னுதானே சொல்லி அனுப்பினேன்.

— அது எனக்கெப்படித் தெரியும்? சாயங்காலம் வரைக்கும் மேஸ்திரி பார்ப்பாரு. யாரும் வரலன்னா, வீட்டுச் சம்மதம் இல்லாதவ வேணாம்னு ஊருக்கு அனுப்பிடுவாரு. உங்க பாடு சுலபம் அம்மா. நீங்க எங்கயும் போக வேணாம், ஒண்ணும் பண்ண வேணாம். இப்படியே உக்காந்திருந்தாலே நீங்க கேட்டது நடந்துடும். இந்தப் பக்கத்தையும் நான் எடுத்துட்டா, மனசு மாறினாலும் அவளுக்குக் குடுக்க உங்க தலையில ஒரு முடி மிஞ்சாது. சொல்லுங்க, தண்ணி ஊத்தட்டுமா?

— சாப்பிட்டாளா அவ?

— புளிஹோரா குடுத்தோம். அப்படியே வெச்சிருக்கா. வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா.

— கையப் பாரேன். மாமனாரு கத்திய அப்படித்தான் மடியில வெச்சிருப்பாரு, துணியில சுத்தி. இவ அவரப் பார்த்ததுகூட இல்ல.

— அம்மா, வரிசை நிக்குது. ஊத்தட்டுமா?

— ஊத்தாத.

— பாதி மொட்டையோட எந்திரிச்சு நடந்தா கூடமே சிரிக்கும். வேண்டுதல் என்னாகறது?

— வேண்டுதலத் திரும்ப வாங்கறதுக்கு என்ன குடுக்கணுமோ, அத அடுத்த வருஷம் வளர்த்துக் கொண்டாந்து குடுக்கறேன். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீ கையக் குடு, காலு மரத்துப் போச்சு. மௌனிகா, ஏ மௌனிகா, வாசல்ல என்னடி பார்வை, இந்தப் பக்கம் திரும்பு. கத்திய எடுத்துக்க. உன் மொதத் தலை வருது.