தெரியாதுன்னு போடுங்க

லீலா: அடுத்த கேள்விக்கா. ராத்திரியில நகம் வெட்டினா வீட்டுக்கு ஆகாது. முழுசா நம்புறீங்களா, கொஞ்சம் நம்புறீங்களா, இல்ல…

செல்லக்கண்ணு: தெரியாதுன்னு போடுங்க.

லீலா: இதுவரைக்கும் எல்லாத்துக்கும் அதேதான் சொல்லியிருக்கீங்க.

செல்லக்கண்ணு: நீங்கதானே சொன்னீங்க, இது பரீட்சை இல்லன்னு?

லீலா: பரீட்சை இல்லதான். யுனிவர்சிட்டியில எங்க வெள்ளைக்காரப் புரொபசர் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காரு. சிங்கப்பூர்ல இந்தத் தேக்கா பக்கத்து ஜனங்க எதை எவ்வளவு நம்புறாங்கன்னு அளந்து பாக்கணுமாம். உங்க பேரைக்கூட எழுதமாட்டேன்.

செல்லக்கண்ணு: நம்புறதை எப்படிம்மா அளப்பீங்க? அதென்ன அரிசியா?

லீலா: அப்பாடா… சிரிச்சிட்டீங்க! இவ்வளவு நேரம் முகத்தைப் பாக்கவே பயமா…

செல்லக்கண்ணு: மெதுவாப் பேசுங்க.

லீலா: ஓ… பாப்பா முழிச்சிக்குமா?

செல்லக்கண்ணு: இப்பத்தான் மடியில தூங்கிச்சு.

லீலா: ஸ்கூலுக்குப் போகலியா?

செல்லக்கண்ணு: இந்தத் தெருவுல எந்தப் புள்ள போகுது இப்ப? வீடு வீடா ஏறி இறங்கிட்டுத்தானே வர்றீங்க.

லீலா: சரி… அடுத்தது. பெரிய பாலம் நிலைச்சு நிக்கணும்னா அஸ்திவாரத்துல மனுஷத் தலையைப் போடணும்.

செல்லக்கண்ணு: இதை எல்லார்கிட்டயும் கேக்கறீங்களா, என்கிட்ட மட்டுமா?

லீலா: எல்லார்கிட்டயும்தான்.

செல்லக்கண்ணு: கீழ் வீட்டு முத்தாயி என்ன சொன்னா?

லீலா: அதைச் சொல்லக்கூடாதுக்கா.

செல்லக்கண்ணு: முழுசா நம்புறேன்னிருப்பா. குழாயடியில நான் வாளியை வெச்சா அவ வாளியை எடுத்துக்கிட்டுப் போயிடறா. என் புள்ளையோட விளையாடக் கூடாதுன்னு தன் புள்ளைக்கு அடி போட்டிருக்கா.

லீலா: எதுக்காம்?

செல்லக்கண்ணு: தெரியாத மாதிரி கேக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு பாக்கற வேலையைக் கீழயே சொல்லியிருப்பாங்களே.

லீலா: …ஆத்துல புதுப் பாலம் கட்டற இடத்துல ராத்திரி ஜாகா. காவக்காரருன்னு சொன்னாங்க.

செல்லக்கண்ணு: வேற?

லீலா: நான் எழுதிக்கிட்டுக் கிளம்பிடறேனே…

செல்லக்கண்ணு: சொல்லிட்டுக் கிளம்புங்க.

லீலா: கடைசியில ஒரு கேள்வி இருக்குக்கா. பாலத்துக்காகத் தலை எடுக்கற ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமான்னு. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்கன்னு புரொபசர் நெனச்சாரு. ஆனா இந்தத் தெருவுல…

செல்லக்கண்ணு: எல்லாரும் ஒரே பேரைச் சொன்னாங்க.

லீலா: ஆமா. உங்க வீட்டுக்காரரு பரமசிவத்தைத்தான்.

செல்லக்கண்ணு: அய்யோ… முருகா!

லீலா: ஷ்ஷ்… சத்தம் போடாதீங்க! கீழ கடை வாசல் அஞ்சடி நடையில ஆம்பளைங்க நிக்கிறாங்க.

செல்லக்கண்ணு: நிக்கிறாங்கன்னா?

லீலா: கட்டையும் கையுமா நிக்கிறாங்க. நான் மாடிப்படி ஏற வந்தப்போ மறிச்சுக்கிட்டாங்க. 'பரமசிவம் மேல இருக்கானா இல்லையான்னு பாத்துட்டு வந்து சொல்லு. சொல்றதா இருந்தா ஏறு'ன்னாங்க.

செல்லக்கண்ணு: அப்போ… நீங்க கேள்வி கேக்க வரல. வேவு பாக்க வந்திருக்கீங்க.

லீலா: இல்லக்கா! கேள்வி கேக்கத்தான் வந்தேன். அவங்க சுத்தி நின்னதும் பயத்துல தலையை ஆட்டிட்டேன். அவரு இருக்காரா?

செல்லக்கண்ணு: இல்ல. வேலைக்குப் போயிருக்காரு.

லீலா: பகல்லயா? இருந்தா சொல்லிடுங்க. ஜோகூருக்குப் போயிட்டாராம்னு கீழ சொல்லிட்டு, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடறேன். என்னை நம்பலாம் லா… ஆனா எனக்கு உண்மை தெரியணும். நான் சொல்லி முடிக்கும்போது அவரு ஜன்னல்ல தலையை நீட்டிட்டாருன்னா?

செல்லக்கண்ணு: நீட்டமாட்டாரு. அந்தப் பலகைத் தடுப்புக்குப் பின்னால… உள்ள ஜன்னல் கிடையாது.

லீலா: நாம பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்காரு?

செல்லக்கண்ணு: தூங்கறாரு.

லீலா: நல்லவேளை, கதவையாவது தாழ் போட்டுக்கிட்டாரே.

செல்லக்கண்ணு: அவரு போடல. நான்தான் வெளியிலேருந்து பூட்டியிருக்கேன்.

லீலா: அவங்க வந்தா கண்ணுல படக்கூடாதுன்னா?

செல்லக்கண்ணு: அவங்க நிக்கிறதே இப்ப நீங்க சொல்லித்தானே தெரியும்.

லீலா: பின்ன எதுக்கு…

செல்லக்கண்ணு: பனியன்ல ரத்தம் இருந்துச்சு தங்கச்சி. நான்தான் துவைச்சேன். கேட்டதுக்கு, தூண் இறக்கற குழிக்குப் பூசை போட்டாங்க, ஆடு வெட்டினாங்க, நான் காலைப் பிடிச்சுக்கிட்டேன்னாரு.

லீலா: அப்படித்தான் இருக்கும். வேலை ஆரம்பிச்சா பூசை போடறதுதானே.

செல்லக்கண்ணு: நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அன்னியிலேருந்து தூக்கத்துல அழறாரு. ஒரு ஆட்டுக்காகவா ஒரு மனுஷன் தூக்கத்துல அழுவான்? நேத்து பாப்பா தலையைத் தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தாரு. எப்பவும் தடவறதுதான்… நான்தான் புள்ளையை வெடுக்குனு இழுத்துக்கிட்டேன்.

லீலா: அவரு உங்க புருஷன்க்கா.

செல்லக்கண்ணு: எனக்குத் தெரியாதா? ஒரு நாள் கை ஓங்கினதில்ல. சம்பளத்தன்னிக்கு எனக்குப் பூ வாங்காம படியேறினதில்ல. காலையில அலுத்துப் போய் வந்து படுத்தாரு. அவரு கண்ணை மூடின உடனே பூட்டிட்டேன். பூட்டிட்டு இந்தப் புள்ளையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்… ஊரு நம்பினா நம்பட்டும். நான் நம்பலாமா?

லீலா: வெறும் புரளிக்கா. எங்க எந்தப் பாலம் கட்டினாலும் இப்படி ஒண்ணு கிளம்பும். யாரு வீட்டுல யாரு காணாமப் போனாங்க? ஒரு பேரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம். ஒருத்தராலயும் முடியல.

செல்லக்கண்ணு: நீங்க நம்பலதானே?

லீலா: கொஞ்சமும் நம்பல.

செல்லக்கண்ணு: நல்லா இருப்பீங்க… அதை ஒருத்தர் வாயால கேக்கணும்னுதான் தவிச்சிட்டிருந்தேன். இந்தாங்க சாவி. நான் எந்திரிச்சா இது முழிச்சிக்கும். நீங்களே தொறந்து விடுங்க.

லீலா: நானா?

செல்லக்கண்ணு: தொறங்கம்மா. உள்ள எந்திரிச்சிட்டாரு போல… கட்டில் சத்தம் கேக்குது.

லீலா: நான்… கீழ போய் அவரு இல்லைன்னு சொல்லிடறேன்க்கா. கண்டிப்பா சொல்லிடறேன். ஆனா… நான் படி இறங்கினதுக்கு அப்புறம் தொறங்க.