பின்விரல் நகம்

மருந்துக் கடை வைத்திருப்பவனுக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்தே என் கண் தேறிவிட்டது. அந்தக் கண்ணை நம்பித்தான் பறவை பார்க்கப் போனேன்.

ஊருக்கு வெளியே உள்ள புல்வெளியில் நெட்டைக்காலி என்றொரு சின்னப் பறவை உண்டு. பழுப்பு உடம்பு, மார்பில் கீறல் கீறலாகக் கோடு. அதில் சாதாரண வகையும் உண்டு, அபூர்வ வகையும் உண்டு. பின்விரல் நகம் நீளமா குட்டையா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் கண்டது அபூர்வ வகை என்று சொன்னேன். பறவைச் சங்கத்தில் என்னைத் தலைவராக்கினார்கள். அதுவரை இருமல் மருந்துக்கு மட்டும் என்னைத் தேடி வந்தவர்கள் நின்று வணக்கம் வைத்தார்கள். மனுஷன் அதற்குத்தானே வாழ்கிறான்.

என் மனைவியின் தம்பி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். நல்ல பையன். பொய் சொல்ல வராது, அது ஒன்றுதான் அவனிடம் குறை.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. இது சாதாரணக் குருவிதான். நகத்தைப் படம் புடிச்சு நாமளே சங்கத்துல காட்டிடலாம். வேற யாராவது சொன்னா நமக்குத்தான் அசிங்கம்."

"தாராளமா எடு. நானும் கூட வரேன்" என்றேன்.

அன்று காற்று பலமாக வீசியது. புல் காய்ந்து கிடந்தது. புல்லுக்குள் இருந்த அந்தக் குருவியின் கூட்டுக்கு எதிரே சாக்கைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தான். நான் மேட்டில் நின்று, பறவை கூட்டில் வந்து உட்கார்ந்ததும் போனில் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவன் தலையைத் தூக்க மாட்டான். காற்று அவன் பக்கம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, புல்லை நாலைந்து இடத்தில் பற்ற வைத்தேன்.

"மாமா, புகை வாசம் அடிக்குது."

"பக்கத்துல குப்பை கொளுத்துறாங்க. அசையாதே, பறவை வருது."

அப்புறம் ஒரு தடவை "மாமா" என்றான். இன்னும் கொஞ்சம் பொறு என்று நிதானமாகத்தான் சொன்னேன். நான் பதறினால் அவனும் பதறியிருப்பான்.

என் மனைவி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அது சாதாரணக் குருவி என்பது எனக்கு முதல் நாளே தெரியும். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, சார். இரங்கல் கூட்டத்தில், அந்த அபூர்வப் பறவையைக் கண்டுபிடித்தவர்களில் அவனும் ஒருவன் என்று, என் பெயரோடு அவன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.